தரை காயும் வரை

பூட்டிக் கிடந்த வீட்டின் கதவைத் திறந்ததும் முதல் மூச்சைக் கவனமாக இழுக்க வேண்டும். அந்த ஒரு மூச்சுத்தான் உண்மை சொல்லும். பத்து நிமிடம் உள்ளே நின்றுவிட்டால் மூக்குக்கு எல்லாம் பழகிவிடும். அதனால் வாசலில் நின்று, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கி, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நான் கும்பிடுவதாக நினைத்துக்கொண்டு, ஒரு வீட்டில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாவும் கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தார்.

வீடுகளிலும் ஆபீசுகளிலும் பூஞ்சை பிடித்திருக்கிறதா, எங்கே, எதனால் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். எங்கள் பக்கத்தில் அதற்குப் பூப்பல் என்று பேர். "பூப்பலு பாக்கதுக்கும் ஒரு ஆளா?" என்று கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அப்ப எனக்க வீட்டு ஊறுகாய் பரணியையும் வந்து பாரும்வே" என்றார். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி முழுக்க அந்த ஊறுகாய் உண்மையிலேயே கெட்டிருக்குமோ, அதைச் சாப்பிட்டு அவருக்கு ஏதாவது ஆகுமோ என்று தூக்கம் வரவில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்.

எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குப் போகிற வழியில் வயிறு கலங்கித் திரும்பி வந்தவன், பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லை. பின்னாளில் வளைகுடாவில் ஏ.சி. குழாய் சுத்தம் செய்யும் கம்பெனியில் வேலை. ஆள் நுழைகிற அளவு தகரக் குழாய்க்குள் தவழ்ந்து போய்ப் பூப்பலைச் சுரண்டி எடுத்து வருகிற வேலை அது. பதினாறு வருடம் அந்தக் குழாய்க்குள் கிடந்ததில் ஈரம் எந்த வழியாக வரும், எங்கே பதுங்கும் என்று கண்டுகொண்டேன். கம்பெனி ஆளைக் குறைத்தபோது ஊருக்கு வந்தேன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு மஸ்கட்டில் வேலை இருந்தது, இருக்கிறது. மகள் பெங்களூரில் படிக்கிறாள். குழித்துறை ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டில் நான் ஒருவன்தான். மூன்று அறையில் ஒன்றைத்தான் திறந்து புழங்குகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு வருடத்தில் இரண்டு மழை. வீடு கட்டியவர்களில் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கம். மார்பிள் தரை, மாடி, கார் நிறுத்தக் கூரை, எல்லாம் இருக்கும், ஆள் இருக்காது. இரண்டு மழைக்கும் பூட்டியே கிடந்த வீட்டை லீவுக்கு வந்து திறப்பார்கள். சோபா பச்சையாக இருக்கும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். ஆள் இல்லாத வீடுகளில்தான் எனக்கு வேலை. ஒரு வீட்டில் காலையில் நுழைந்து சாயங்காலம் வெளியே வரும்வரை நான் கேட்கிற ஒரே குரல் ஈரம் பார்க்கிற மீட்டருடையதுதான். அதன் இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால், ஈரம் மிகுந்திருந்தால் கீச்சென்று கத்தும்.

அறிக்கையை இங்கிலீஷில்தான் கேட்பார்கள். நான் தமிழில் எழுதி வைத்து, சாயங்காலம் மனைவி டூட்டி முடிந்து கூப்பிடும்போது வாசிப்பேன். அவள் அங்கிருந்து இங்கிலீஷில் தட்டி அனுப்புவாள். எங்கள் பேச்சில் பாதி பூப்பல்தான்.

"சாப்பிட்டியளா?" என்று தொடங்குவாள்.

"ஆச்சு."

"என்னது?"

"கஞ்சி."

"நேத்தும் கஞ்சி. பேதியா உங்களுக்கு?" பிறகு, "கேஸ் சிலிண்டர அடச்சியளா?"

"மூணு மட்டம் பாத்தாச்சு."

"நாலாவது மட்டம் போய் பாக்காண்டாம். இருங்க. உங்க தலைக்குள்ள ஒரு பெஞ்ச போட்டு அஞ்சாறு பேரு இருந்து வேண்டாத்தத பேசுகானுவோ. அவனுவள மொதல்ல எழுப்பி விடணும்."

அதன் பிறகு அறிக்கை. அறிக்கை முடிந்தால் எங்கள் இருவருக்கும் சட்டென்று பேச்சு தீர்ந்துபோகும். அதனால் சில நாள் ஒரு பக்கத்தை மறுநாளைக்கு மிச்சம் வைத்திருக்கிறேன். அவளுக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன்.

போன ஆவணியில் குலசேகரத்துக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டுக்காரருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. குவைத்தில் என்ஜினியர். லீவுக்குத் தனியாக வந்திருந்தார். வீட்டுக்குள் படுத்தால் இருமல் வருகிறது என்று ஊருக்குள் லாட்ஜில் அறை எடுத்திருந்தார். கேட் வாசலிலேயே என்னை நிறுத்திக் காரியத்தைச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, பூப்பலு இருக்குன்னு எனக்கே தெரியும். எதுனால வந்துதுன்னு பேப்பர்ல வேணும். வீடு தொறக்காம கெடந்துதுன்னு எழுதித் தாருங்க."

அந்தத் தெருவில் ஆறு வீடு பூட்டிக் கிடந்தது. ஆறுக்கும் சாவி ஒரே பெண்ணிடம். சாவியை எங்கள் பக்கத்தில் தாக்கோல் என்போம். தெருவின் கோடியில் இருக்கிற அந்த அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். ரப்பர் பால் வெட்டப் போன புருஷன் இறந்தபிறகு, பூட்டிய வீடுகளை வாரம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டிப் பூட்டுவதுதான் பிழைப்பு.

"மத்த அஞ்சு வீட்டையும் நான் போய் பாத்தேன். ஒரு எளவும் இல்ல. எனக்க வீட்டுல மட்டும் கொழம்பு கொதிச்ச மாதிரி பூத்துக் கெடக்கு. அப்ப என்ன அர்த்தம்? எல்லா வீட்டுக்கும் போயிருக்கா, இங்க மட்டும் வரல்ல. அம்மை செத்த பொறவு இங்க யாரு கேக்கதுக்கு இருக்கான்னு விட்டுட்டா."

முந்தின நாள் சாயாக்கடை முன்னால் நாலு பேர் பார்க்க அவளிடமிருந்து தாக்கோலைத் திருப்பி வாங்கியிருந்தார். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் விஷயத்தைப் போட்டிருந்தார். "வராமலே வந்தேன்னு சொல்லுகவ" என்று எழுதியதை என்னிடமே காட்டினார். டெஸ்ட் ரிப்போர்ட் வரட்டும், பார்த்துவிட்டு நாங்களும் தாக்கோலை வாங்கிக்கொள்கிறோம் என்று ஐந்து பேரும் பதில் போட்டிருந்தார்கள். ஆக, நான் எழுதப்போகிற ஒரு தாளில் அந்தப் பெண்ணின் ஆறு தாக்கோலும் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்தேன். நனைந்த சாக்கும் பழைய காகிதமும் சேர்ந்த வாடை. அதற்கு அடியில் மெலிதாக எரிந்த திரி வாடை.

சுவரையும் பலகையையும் பார்க்க டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. சுவரோடு படுக்கவைத்து அடிக்க வேண்டும். அப்போதுதான் பூப்பலின் மயிர் எழுந்து நிற்பது தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டே போனேன். கூடத்திலும் சமையலறையிலும் கீழ்ப் படுக்கை அறையிலும் சுவர் நெடுகப் புது ப்ளைவுட் அலமாரிகள். பூப்பல் எல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். அதற்கு மேலே கோடு கிழித்தது போல் நின்றிருந்தது. பூசை அறையில் கூடுதல். அங்கே இரண்டு சாண். மாடியில் எல்லாம் அதே ப்ளைவுட், அதே மழை, அதே பூட்டு. ஆனால் ஆணியில் தொங்கிய ஒரு தோல் பெல்ட்டில் கொஞ்சம் வெள்ளை படிந்திருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை.

மழைத் தண்ணீர் என்றால் மேலிருந்து இறங்கும். குழாய் உடைந்திருந்தால் ஒரு இடத்திலிருந்து பரவும். பூட்டியே கிடந்தால் மாடியிலும் கீழேயும் ஒன்றுபோலப் பூத்திருக்கும். இது மூன்றும் இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். குளியலறைச் சுவரை வெளிப்பக்கம் போய்த் தட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு கிடையாது. அலமாரிகளின் அடிப்பலகையில் மட்டும், எங்கே ஊசியைக் குத்தினாலும் மீட்டர் கத்தியது. அலமாரிகளுக்குக் கால் இல்லை. தரையோடு தரையாக ஒட்டி வைத்திருந்தார்கள்.

பூசை அறையில் ஒரு நிலவிளக்கு. திரி கருகி, எண்ணெய் இன்னும் கட்டிப்போகாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா. திறந்து பார்த்தேன். வாய் வரைக்கும் எரிந்த தீக்குச்சிகள். அடியில் இருந்தவை ஈரத்தில் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மேலே இருந்தவை புதுசு. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் விளக்கைக் காட்டினேன்.

"நான் வாறேன்னு தெரிஞ்சு முந்தின வாரம் வந்து பொருத்தியிருப்பா" என்றார். டப்பாவைக் காட்ட வாய் திறந்தேன். அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. பெரிய படிப்புப் படித்தவர் முன்னால் இரண்டாவது முறை வாய் திறக்க எனக்கு எப்போதும் வராது.

காற்றிலும் பலகையிலும் மாதிரி எடுத்து டப்பியில் அடைத்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப எழுதி ஒட்டினேன். ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பூப்பலின் பெயரைச் சொல்வார்கள். எப்படி வந்தது என்று சொல்ல மாட்டார்கள். அதை எழுத வேண்டியது நான்.

வெளியே வந்தபோது அந்த அக்கா கேட்டுக்கு எதிர்த்த மதில் ஓரம் குடையோடு நின்றிருந்தாள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. வாசலையே பார்த்தாள்.

"சார் தானா பூப்பலு பாக்க வந்தது?"

"ஆமாக்கா. சாரெல்லாம் வேண்டாம்."

"நான் வரல்லன்னு இருக்கா உள்ள?"

ஆய்வு முடியாமல் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது வழக்கம். அதைச் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒத்துப்பார்க்க இன்னொரு வீட்டைத் திறந்துகாட்ட முடியுமா என்று கேட்டேன். இடுப்பிலிருந்து கொத்தை எடுத்தாள். வளையத்தில் ஐந்து தாக்கோல் இருந்தது. ஆறாவது இருந்த இடத்தை அவள் விரல் ஒருமுறை தடவிப் பார்த்தது.

அடுத்த வீட்டிலும் தரையோடு ஒட்டிய ப்ளைவுட் அலமாரிதான். ஊசியைக் குத்தினேன். மீட்டர் மூச்சுவிடவில்லை.

"இங்க வாரத்துல என்ன செய்யிவிய?"

"சன்னல தொறப்பேன். தூத்து வாருவேன். ஒரு மணிக்கூர் கழிச்சு அடைப்பேன்."

"அந்த வீட்டுல?"

"அங்க அப்பிடிப் போட முடியுமா? அது வெளக்கு வைக்க வீடுல்லா." அவள் குரலில் ஒரு பெருமை வந்தது. "அவனுக்க அம்மை சாவதுக்கு மூணு நாளு முன்ன எனக்க கையப் பிடிச்சு சொன்னா. வெள்ளிக்கிழம வெளக்கு முடங்கப்பிடாது, கழுவாத தரையில வெளக்கு வைக்கப்பிடாதுன்னு. வெள்ளி சாயங்காலம் கெணத்துல இருந்து ஏழெட்டு வாளி கோரி ஊத்தி, கீழ முழுக்கக் கழுவித் தள்ளிட்டுத்தான் வெளக்கப் பொருத்துவேன். வயசாச்சு, மாடிக்கு வாளி தூக்க முடியாது. அது ஒண்ணுதான் நான் விட்டது. வேணும்னா அத எழுதிக்கிடுங்க."

"வெளக்கு வச்ச பொறவு?"

"கொஞ்ச நேரம் கும்பிட்டுட்டு, திரிய உள்ள இழுத்து வெளக்க கொளுர வச்சுட்டு, சன்னல் கதவெல்லாம் அடச்சுப் பூட்டிட்டு வருவேன். இருட்டீரும்லா."

மீட்டரை அணைக்க மறந்துபோய்க் கையிலேயே வைத்திருந்தேன். அந்த அம்மா இருந்த காலத்தில் அந்த வீட்டில் கட்டிலும் பீரோவும் காலோடு அயனி மரத்தில் இருந்திருக்கும். கதவு நாள் முழுக்கத் திறந்து கிடந்திருக்கும். கழுவிய தரை அரை மணியில் காய்ந்திருக்கும். இறந்தபிறகு மகன் பழைய மரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது அலமாரி வைத்திருக்கிறார். இவள் பழைய வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிதோறும் அலமாரிக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. உடனே வீடு பூட்டப்பட்டது.

ஆறு வீட்டில் அவள் அதிகமாகப் பாடுபட்ட வீடு அது ஒன்றுதான். பூத்ததும் அது ஒன்றுதான்.

பைக்கை எடுத்தவன் திருவட்டார் வருவதற்குள் இரண்டு முறை ஓரம் நிறுத்தினேன். மீட்டர் பையில் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை. இன்னொருமுறை எதற்கென்று தெரியவில்லை. ரோட்டோரம் ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கொட்டகை அருகே சும்மா நின்றேன். வாராவாரம் வந்தாள் என்று எழுதினால் கழுவினாள் என்றும் எழுத வேண்டும். தீக்குச்சியைக் காட்டினால் ஒரே நாளில் கொட்டி வைத்தாள் என்பார் வீட்டுக்காரர். வந்ததற்கு மறுக்க முடியாத சாட்சி அந்த ஒரு சாண் கோடுதான். கழுவினாள் என்று எழுதினால் அத்தனை பலகையும் அவளால் கெட்டது என்று ஆகும். கழுவியதை மறைத்தால் அவள் வந்தாள் என்பதற்கு என் கையில் வேறு ஒன்றும் இல்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வர நாட்கள் ஆயின. அந்த நாட்களில் மார்த்தாண்டத்தில் ஒரு ஆபீஸ், தக்கலையில் ஒரு மாடி வீடு என்று வேலை இருந்தது. எங்கே டார்ச் அடித்தாலும் அந்த ஒரு சாண் கோடுதான் கண்ணில் நின்றது. முடிவு வந்த அன்று சாயங்காலம் மனைவிக்கு அறிக்கையை வாசித்தேன். ஒவ்வொரு பக்கமாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"தீக்குச்சி படம் எதுக்கு? பதினாலாம் படம்?"

"இருக்கட்டும்."

"செரி. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?"

நான் தாளைத் திருப்பி மறுபடி முதல் பக்கத்துக்குப் போனேன்.

"ஏங்க, இருக்கியளா?"

"இருக்கேன். மழைன்னு போட்டிரலாமா?"

"மழ அவருக்க வீட்டுல மட்டுமா பேஞ்சுது?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, விளக்கு, ஐந்து தாக்கோல், சாயாக்கடை முன்னால் வாங்கியது. அங்கே யாரோ ஒரு பெண் அரபியில் கூப்பிடுவதும் இவள் பதில் சொல்வதும் கேட்டது.

"உள்ளத எழுதினா பொழப்பு போவும். எழுதல்லன்னா பேரு போவும்" என்றேன். "எது போனாலும் எனக்க கையால போவும்."

"அப்ப எதப் போவ விடணும்னு அவளுட்டயில்லா கேக்கணும்? எனக்கிட்ட கேக்கியளே."

"நான் எப்பிடி அவ மொகத்தப் பாத்து..."

"வாயாலதான். குழாய்க்குள்ள போயி பேசச் சொல்லல்லியே நான். நாளைக்கிப் போங்க. கட்டத்த காலியா வச்சிருக்கேன்."

மறுநாள் காலையில் போனேன். அவள் வீட்டு முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"சாயா குடிக்கியா? பால் இல்ல. கட்டன்தான்."

"வேண்டாம்க்கா."

"அப்ப கெட்ட சேதி. உள்ளதச் சொல்லு மக்கா. நான் போகல்லன்னு எழுதப்போறியா?"

"இல்ல. வாராவாரம் போயிருக்கியன்னு நல்லாத் தெரியுது."

"பொறவென்ன?"

"நீங்க கழுவின வெள்ளம் அலமாரிக்க அடியில எறங்கியிருக்கு. ஒடனே கதவ அடச்சதுல காயாம இருந்து பூத்திருக்கு. அதான் காரணம்."

கத்தி நின்றது. கையில் இருந்த கிழங்கை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

"கழுவினதுனாலயா?"

"ஆமா."

"தூத்து மட்டும் விட்ட அஞ்சு வீட்டுல ஒண்ணுமில்ல. முட்டுல நின்னு கழுவின வீட்டுல பூப்பலு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறெதுவாகவோ மாறியது. "நல்ல நியாயம்டே. வேல செய்யாதவ நல்லவ."

"அவரும் அலமாரிக்குக் கால் வைக்காம விட்டிருக்காரு. அதையும் எழுதுவேன்."

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கிழங்கைச் சட்டித் தண்ணீருக்குள் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

"நான் போனேன்னு அதுல தெரியும்லா?"

"தெரியும்."

"யாரு வாசிச்சாலும் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அப்ப எழுது."

"எழுதினா சாமான் கெட்டது உங்களாலன்னு ஆவும். மத்தவங்களும் தாக்கோல் கேட்டாங்கன்னா?"

"கேட்டா குடுப்பேன்." மறுபடி கத்தியை எடுத்தாள். "கழுவிக் கெடுத்தவன்னு சொல்லி வாங்கட்டும். வராம வந்தேன்னு சொன்னவன்னு வாங்கப்பிடாது. செத்தவளுட்ட நான் வாக்குச் சொன்னவ."

பிறகு, நான் பைக்கை உதைக்கும்போது பின்னாலிருந்து சத்தம் கொடுத்தாள். "ஏலே, கழுவினத நல்லா பெரிசா எழுது!"

அன்று சாயங்காலம் கட்டத்தை நிரப்பினோம். "வாரந்தோறும் தரை கழுவப்பட்டிருக்கிறது. கழுவிய தண்ணீர் தரையோடு ஒட்டிய பலகைகளுக்கு அடியில் இறங்கி, காயும் முன் வீடு பூட்டப்பட்டதால் பூஞ்சை வந்திருக்கிறது. வீடு தவறாமல் திறக்கப்பட்டதற்கு இதுவே அடையாளம்." கடைசி வரி அறிக்கையில் இருக்கக்கூடாத வரி. மனைவி அதைக் கேட்டுவிட்டு அப்படியே தட்டினாள்.

அறிக்கையோடு நான் போனபோது வீட்டுக்காரர் கூடத்தில் ஜன்னல்களைத் திறந்துபோட்டு நாற்காலியில் இருந்தார். இரண்டு தடவை வாசித்தார். பதினாலாம் படத்தில் நின்றார். எழுந்து பூசை அறைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை. போய்விடலாமா, சொல்லாமல் போனால் தப்பாகுமா என்று நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். பவுடர் டப்பாவோடு திரும்பி வந்தார்.

"இது அம்மைக்க டப்பா" என்றார். "தீக்குச்சிய கீழ போட விடமாட்டா. எனக்கு அடி விழுந்திருக்கு அதுக்கு."

நான் தலையாட்டினேன்.

"கழுவாம வெளக்கு வைக்காதன்னு எனக்கிட்டயும்தான் சொல்லுவா" என்றார். போனை எடுத்துத் தெரு குரூப்புக்கு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை. வேறு வீட்டுக்காரர்கள் யாரும் அந்த அக்காவிடம் தாக்கோல் கேட்கவில்லை என்பதை வைத்துத்தான் அது என்னவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நான் கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து தாக்கோலை எடுத்து நீட்டினார்.

"போற வழிதானே. அக்காட்ட குடுத்திருங்க. ஆசாரிட்ட சொல்லி அலமாரிக்குக் கால் வைக்கச் சொல்லுகேன்."

"நீங்க நேர குடுத்தா நல்லாயிருக்கும்..."

"நாளைக்கு எனக்கு பிளைட்டு. பாக்கிங் கெடக்கு."

அவர் போகிற தேதியை முதல் நாள் அவர் வாயாலேயே சொல்லியிருந்தார், அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. தெருவின் கோடி வரை நூறு அடி தூரம். அதற்குள் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், தாக்கோல் ஓட்டை வழியாக விழுந்துவிடுமோ என்று. பையில் ஓட்டை கிடையாது.

அக்கா அதை வாங்கி முந்தானையில் துடைத்தாள். தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அவன் வரல்லியா?"

"பிளைட்டாம்."

"ம்." வளையத்தைப் பிரித்து ஆறாவது தாக்கோலைக் கோத்தாள். நகம் உடைகிற வளையம் அது, நேரம் எடுத்தது. "சின்னதுல எனக்க இடுப்ப விட்டு எறங்க மாட்டான் பய."

பிறகு என்னைக் கேட்டாள். "கழுவாம எப்பிடி வெளக்கு வைக்க?"

"பூச அறைய மட்டும் கழுவுங்க. ஃபேனப் போட்டு, சன்னல தொறந்து வச்சு, தரை காயிறது வர இருந்துட்டு அடையுங்க. அவ்வளவுதான்."

"காய எவ்வளவு நேரம் ஆவும்?"

"ஒரு மணிக்கூர். மழையின்னா ரெண்டு."

"அவ்வளவு நேரம் ஆளில்லாத வீட்டுல தனியா இருந்து நான் என்ன செய்ய?"

அந்த வேலையைத்தான் நான் இத்தனை வருடமாகச் செய்கிறேன். என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது.

ஐப்பசியில் குலசேகரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்விட்டு அந்த வழியாகத் திரும்பினேன். வெள்ளிக்கிழமை. சாயங்கால மழை. அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பூசை அறை வாசலில் விளக்கைப் பார்த்தபடி அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. சாமிப் பாட்டா, போட்டோவில் இருக்கிற அம்மாவிடம் பேச்சா தெரியவில்லை. கூப்பிடலாமென்று பைக்கை நிறுத்தினேன். நடுவில் போய் ஈரத்தில் மிதித்துவிடுவோமோ என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் பூட்டியிருந்த மற்ற இரண்டு அறையையும் திறக்கிறேன். வாசலில் நின்று கண்ணை மூடி முதல் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். என் வீட்டு வாடை மட்டும் எனக்குத் தெரிவதில்லை. மகள் அறையைத் துடைத்து, எங்கள் அறையைத் துடைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, நடுக்கூடத்தில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

போன ஞாயிறு அப்படி இருக்கும்போது மனைவி கூப்பிட்டாள். அன்று வாசிக்க அறிக்கை எதுவும் இல்லை.

"என்ன செய்யிதிய?"

"தரை காயட்டும்னு இருக்கேன்."

"யாரும் வாறாவளா?"

"ஒருத்தரும் இல்ல."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை.

"காஞ்சாச்சா?"

"நடுவுல காஞ்சாச்சு. ஓரத்துல இன்னும் ஈரம் கெடக்கு."

"செரி," என்றாள். "காயிறது வரைக்கும் போன வைக்காதீங்க."